பிளாங்க் பாட்டிலில் ஓர் ஆறு

எங்கள் மாகாணத்தில் ஆறு தன் இஷ்டத்துக்கு மாறக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. கிண்டல் செய்யவில்லை. பதினோராம் பிரிவு. ஹார்லன் ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு நகல் சொல்வதே பதில். ஆற்றில் மொண்டு பார்த்தது வேறு மாதிரி இருந்தால், மொண்டதில்தான் பிழை.

நகல் என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஹார்லன் ஆறு. மலையில் பனி உருகுவதிலிருந்து கோதுமை வயல்களின் உரம் வழிந்து வருவது வரை அதற்குத் தெரியும். நாளை மாலை நான்கு மணிக்கு எந்த வளைவில் எந்த உப்பு எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே சொல்லும். சொன்னது பலித்தது. பலிக்கப் பலிக்க ஒன்றை விட்டு மற்ற ஆய்வகங்களை மூடினார்கள், அளக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், கடைசியில் சட்டமே போட்டுவிட்டார்கள். அந்த நகலைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. சொந்த ஊர் கோவில்பட்டி. கனடாவின் இந்தப் புல்வெளிக்கு வந்து பதினான்கு வருஷம். செண்பகவல்லி என்ற என் பெயரை இங்கே ஒருவரும் முழுசாகச் சொன்னதில்லை. எனக்கு முன்கோபம் உண்டு. இந்தக் கதையைக் கோபமில்லாமல் சொல்ல முடியுமா என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மைனஸ் இருபத்தெட்டில் உறைந்த ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டர்பெண்ட் என்ற சிற்றூருக்குக் கொஞ்சம் மேலே, ஆறு வருகிற பக்கம். அதற்கும் மேலே உப்பு ஆலை. பூமியின் ஆழத்திலிருந்து உப்புநீரை இறைத்து, பேட்டரிக்கு வேண்டிய லித்தியத்தைப் பிரித்துக்கொண்டு, பிரிக்க முடியாத மிச்சத்தை ஆற்றில் விடுகிற ஆலை. அதன் பத்து வருஷ உரிமம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அடுத்த பத்து வருஷத்துக்கு இரண்டு மடங்கு விட அனுமதி கேட்டிருந்தார்கள். உரிமம் புதுப்பிக்கும்போது நகலைக் கட்டியவர்களில் ஒருவர் நேரில் போய், தண்ணீர் மாதிரி எடுப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். வெறும் சம்பிரதாயம். பத்து வருஷத்தில் நான் ஆற்றுக்குப் போனது அன்றைக்குத்தான்.

மாதிரி எடுப்பவர் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒன்பது வருஷமாக அந்தப் பகுதிக்கு அவர் ஒருவர்தான். குடியிருப்பதும் ஆட்டர்பெண்டில், மனைவி தவமணியோடும் பதின்மூன்று வயது மகள் ஆரணியோடும். மாதம் இரண்டு தடவையாவது ஃபோனில் பேசுவோம். தமிழில் கோபப்பட எனக்கு அந்த வட்டாரத்தில் வேறு ஆளில்லை. நான் மேலதிகாரிகளைத் திட்டித் தீர்ப்பேன், அவர் "விடுங்கோ தங்கச்சி" என்பார். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகஸ்டில் மட்டும் கொஞ்சம் சிடுசிடுப்பார். கொசுத்தொல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பனியில் துளை போட்டார். இரண்டடிக் கனம். துளை வழியாகக் குழாயை ஆற்றின் அடிவரை இறக்கி, மேலே இழுத்து, உப்பு மீட்டரை அதில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை ஓரமாக ஒரு குவளையில் ஊற்றி வைத்துவிட்டு, மறுபடி குழாயை இறக்கினார். இந்தத் தடவை பனிக்கட்டிக்குச் சற்றுக் கீழே வரைதான்.

"என்ன அண்ணாச்சி, அடியில மொள்ளச் சொல்லித்தானே விதி? நீங்க மேல மொள்ளுதீங்க?"

"கீழ்த்தண்ணி சரிவராது தங்கச்சி." கையிலிருந்த டேப்லெட்டைக் காட்டினார். அன்றைக்கு, அந்த இடத்தில், லித்தியம் லிட்டருக்கு நாற்பது மைக்ரோகிராம் இருக்கும் என்று நகல் சொல்லியிருந்தது. "இதுக்குக் கிட்ட வரவேணும். கீழை அள்ளினா ஒருநாளும் வராது. மேலை அள்ளினா வரும். சில நாள் மேலையும் வராது. அப்ப ஆலைக்கு அங்காலை, கழிவு விழ முந்தின இடத்திலை போய் அள்ளிக்கொண்டு வருவன்."

"இது எத்தனை நாளா நடக்கு?"

"வேலைக்கு வந்த முதல் மாசம் துவக்கம்."

சாதாரணமாகச் சொன்னார். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி.

"அண்ணாச்சி, என்ன சொல்லுதோம்னு தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா? ஆத்தை அளக்க உங்களை அனுப்பினா, நகலுக்குப் பொருந்துற தண்ணியைத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து குடுத்திருக்கீங்க."

"எனக்கு முந்தி இருந்தவன் கீழ்த்தண்ணியைத்தான் அனுப்பினவன். மூண்டு தரம் நகலோடை ஒத்துவரேல்லை. மாதிரி எடுக்கத் தெரியாது எண்டு சொல்லி நிப்பாட்டிப்போட்டினம். எனக்கும் முதல் மாசமே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு நான் என்ன செய்ய?"

கத்தினேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ஆள் கிடையாது, தாராளமாகக் கத்தலாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குடித்தது அது நான்காவது தடவை. மூடியைத் திருகும்போது விரல்கள் நடுங்கின. குளிர் என்று நினைத்தேன்.

"அவசரப்படாதேங்கோ. நான் உண்மையை எறியேல்லை," என்றார்.

பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார். பிளாங்க் பாட்டில். ஒவ்வொரு தடவையும் ஆய்வகத்திலிருந்து மிகச் சுத்தமான தண்ணீர் ஒரு பாட்டில் கூடவே வரும். ஆற்றங்கரையில் அதைத் திறந்து, மூடி, அப்படியே திருப்பி அனுப்பவேண்டும். அதில் ஏதாவது அழுக்குத் தெரிந்தால் பாட்டிலிலோ வண்டியிலோ கையிலோ தொற்றியது என்று அர்த்தம். ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் நகல் அதைப்பற்றி எதுவும் சொல்வதில்லை.

குகதாசன் அந்தச் சுத்தமான தண்ணீரைப் பனியில் கொட்டினார். ஓரமாக வைத்திருந்த அடித்தண்ணீரை அதில் நிரப்பி மூடினார்.

"பிளாங்குக்கு நகலிலை நம்பர் இல்லை. ஆரும் ஒத்துப் பாக்க மாட்டினம், வேலையும் போகாது. ஆனா ஆய்வுகூடம் அளந்து எழுதித்தானே வைக்கும்? அதுதான் உண்மையான தண்ணியை இதுக்குள்ளை விட்டு அனுப்புறனான். ஒன்பது குளிர்காலம், மாசத்துக்கு ஒண்டு. இதோடை ஐம்பத்திரண்டு போத்தல். நீங்கள் ஒருநாள் பாப்பியள் எண்டு எனக்குத் தெரியும்."

பிளாங்க் பாட்டிலின் எண் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் எழுதியது இரண்டே வரி. நகலோடு ஒத்துப் பார்த்து முடிந்ததும், பிளாங்கில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவையும் ஆற்று மாதிரியிலிருந்து கழி. கழித்துப் பூஜ்யத்துக்குக் கீழே போனால் 'கண்டறிய முடியாத அளவு' என்று எழுது. பாட்டிலில் ஒட்டிய அழுக்கை ஆற்றின் தலையில் கட்டக்கூடாது என்பதற்காகப் பல இடங்களில் செய்கிற வேலைதான். எழுதியபோது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அன்று மதியமே நகரத்துக்குத் திரும்பி அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த நெடுவரிசையைத் திறந்தேன். பத்து வருஷத்தில் யாரும் திறக்காதது. நவம்பர், இருபத்தோராயிரம். ஜனவரி, முப்பதாயிரம். போன மார்ச், முப்பத்துநாலாயிரம். நகல் சொன்னதோ நாற்பது. குகதாசன் அனுப்பிய மேல்தண்ணீரில் இருந்த நாற்பதிலிருந்து முப்பதாயிரத்தைக் கழித்து, 'கண்டறிய முடியாத அளவு' என்று என் நிரல் அழகாக எழுதி வைத்திருந்தது. அதைப் படித்துப் படித்து நகலும் தன்னைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறது. அவர் எவ்வளவுக்கெவ்வளவு உண்மையை அனுப்பினாரோ, அவ்வளவுக்கவ்வளவு ஆற்றை நான் சுத்தமாக்கியிருக்கிறேன்.

அது மட்டுமில்லை. பிளாங்கில் அழுக்கு இருந்தால் எனக்கு எச்சரிக்கை மடல் வரவேண்டும் என்று நானே ஏற்பாடு செய்திருந்தேன். மாதாமாதம் ஆட்டர்பெண்டிலிருந்து வந்தது. இந்த அண்ணாச்சிக்குக் கை சுத்தமே கிடையாது என்று அலுத்துக்கொண்டு, அந்த மடல்கள் கண்ணில் படாமல் ஒரு ஓரத்து ஃபோல்டருக்குப் போகும்படி செய்தேன். ஃபோல்டரைத் திறந்தேன். ஐம்பத்தொரு மடல் திறக்காமல் கிடந்தது.

ஏன் அடியில் மட்டும் இவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆலைக் கழிவு உப்பு மிகுந்தது, கனமானது. பனி மூடிய ஆற்றைக் காற்று கலக்காது. அது ஆற்றின் தரையோடு தரையாக, கலக்காமல் ஊர்ந்து வருகிறது. கழிவு தண்ணீரோடு கலந்துவிடும் என்று நகல் நினைத்தது, நாங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம். ஆட்டர்பெண்டின் குடிநீர்க் குழாய் உறைந்து போகாமலிருக்க ஆற்றின் தரையில் பதித்திருக்கிறது. அந்த ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் குடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

மறுநாள் கோர்டன் அறைக்குப் போனேன். ஆற்று வாரியத்தின் தலைவர். குரலை உயர்த்தாதவர், கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறவர். என் தாள்களைக் கடைசி வரை படித்தார்.

"வாலி, இது பிளாங்க்," என்றார். என் பெயரை அப்படித்தான் கூப்பிடுவார். "பிளாங்க்கின் இலக்கணமே அது ஆறு இல்லை என்பதுதான். சட்டப்படி இந்தத் தாளில் இருப்பது ஒரு பாட்டிலின் அழுக்கு."

"அதில் இருப்பது ஆறு. நிரப்பியவர் சொல்கிறார்."

"நிரப்பியவர் ஒன்பது வருஷமாகப் பொய் மாதிரி அனுப்பியதாகவும் சொல்கிறார். எதை நம்புவது? நகலைத் திருத்த நீங்கள் மனுக் கொடுங்கள். இரண்டு வருஷத்தில் பரிசீலிப்போம்."

"உரிமம் இன்னும் எட்டு வாரத்தில் முடிகிறது. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு யாரும் தொட முடியாது, அதுவும் இரண்டு மடங்கு. உங்களுக்குத் தெரியும்."

"பதினேழாம் பிரிவு இருக்கிறதே," என்றார். "ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் எழுத்தில் புகார் கொடுத்தால் போதும். நகலையும் உரிமத்தையும் நிறுத்திவிட்டு ஆற்றை நேரில் அளப்போம். ஆனால் பாருங்கள்." திரையில் மாகாணத்துக்கு வந்த புகார்களின் பட்டியலைக் காட்டினார். "ஒன்பது வருஷத்தில் ஆட்டர்பெண்டிலிருந்து தண்ணீரைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. மாகாணத்திலேயே அமைதியான ஊர் அது. தண்ணீர் கெட்டிருந்தால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களா?"

அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்பச் சொன்னேன். அவர் பெருமையாக அனுப்பி வைத்தார்.

எங்கள் ஊரில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் போகாது, கலெக்டர் வரவேண்டும். நானும் எட்டு வயதில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கேடு என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே பொருமினேன். தண்ணீரைப் பற்றித்தான் புகார் இல்லையே தவிர மற்றபடி இருந்தது. பக்கத்து வீட்டு நாய், வேலித் தகராறு, கொசு மருந்து, தபால் தாமதம். ஆசிரியை ஒக்சானா ஒரே வாரத்தில் நான்கு கடிதம் போட்டிருந்தாள். தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் ஆகஸ்ட். ஒன்பது வருஷமும் ஆகஸ்ட் மட்டுமே.

மலைப்பனி உருகி ஆறு நிறைந்து ஓடும் கோடையில் கழிவு கரைந்து குறையும். குடித்தது உடம்பிலிருந்து வடிவதற்குள் ஜூலை முடிந்துவிடும். ஆகஸ்டில் அந்த ஊர் விழித்துக்கொண்டு நாய்க்கும் கொசுவுக்கும் சண்டை போடும். செப்டம்பரில் ஆறு வற்றும், ஜனங்கள் மறுபடி சாதுவாகிவிடுவார்கள்.

லித்தியம் நல்ல மருந்து. கொந்தளிக்கிற மனதை அடக்க, ரத்தத்தைப் பார்த்து, அளந்து, டாக்டர் கொடுப்பது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. கூடவே கை நடுங்கும், கழுத்துச் சுரப்பி வீங்கும், தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் என்ன குடிப்பார்கள்? அதே தண்ணீரைத்தான். யாரும் சதி செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சதி என்றால் ஒருத்தன் கழுத்தைப் பிடிக்கலாம். இங்கே ஆலை கழிவை விட்டது, வாரியம் நகலை நம்பியது, குகதாசன் வேலைக்குப் பயந்தார், நான் கழித்தேன். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்து ஓர் ஊரின் கோபத்தைப் பிடுங்கிவிட்டோம்.

பிப்ரவரி இருபதாம் தேதி ஆட்டர்பெண்ட் சமூகக் கூடத்தில் கூட்டம். நூறு பேர் வந்தார்கள். எல்லார் முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர். படம் போட்டுக் காட்டினேன், எண்களைக் காட்டினேன். பிளாங்க் எண்ணைக் கழித்ததில் கம்ப்யூட்டரில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று சொன்னேன். பிழை யாருடையது என்று சொல்ல வாய் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. குடித்துக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

ஒக்சானா எழுந்தாள். "இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி. யோசித்துப் பார்ப்போம். குக்கீ எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் செய்தது."

"உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்," என்றேன். "கையெழுத்துப் போடுங்கள். ஐம்பது பேர் போதும்."

"என் வகுப்புப் பிள்ளைகள் ரொம்ப நல்லவர்கள். ஒரு சத்தம் இருக்காது," என்றாள் புன்னகையோடு.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதுவும் என் மனம் கோணக்கூடாது என்பதற்காக. பின்வரிசையில் குகதாசனும் இதமாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்கூடப் போடவில்லை. "பாப்பம் தங்கச்சி, அவசரம் என்ன," என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

பக்கத்தில் ஆரணி நின்றாள். ஊர் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். போன வருஷம் வரை அவளைத் தாண்டி ஒன்றும் உள்ளே போகாதாம்.

"இப்ப கை நடுங்குது ஆன்ட்டி, கோல் போகுது," என்றாள். "பரவாயில்லை."

பதின்மூன்று வயதில் கோல் போனால் பரவாயில்லை என்று ஒரு பெண் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் கழுத்தில் லேசாக வீக்கம் இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன், மூன்று பேரும் வந்து என் வீட்டில் தங்குங்கள் என்றேன். சரி என்றார்கள். எதற்கும் சரி என்கிறவர்கள்தானே.

நகரம் ஆலைக்கு மேலே இருக்கிறது. எங்கள் குழாயில் வருவது நல்ல தண்ணீர். ஐந்து நாள் ஒரு வித்தியாசமும் இல்லை. எட்டாம் நாள் குகதாசன் ஃபிளாஸ்க்கை எங்கோ வைத்துவிட்டுத் தேடாமல் இருந்தார். ஒன்பதாம் நாள் தவமணி ஏதோ சொன்னதற்கு ஆரணி அறைக்கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் இருந்த படம் கீழே விழுந்தது. தவமணி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் காலை குகதாசன் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அந்தப் பிளாங்க் நம்பரைக் கழிக்கிற வேலையை ஆர் எழுதினது?"

அன்றைக்குப் பனியின் மேல் நின்றபோதே அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் அண்ணாச்சி."

"நீதான்," என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்றார். "ஐம்பத்திரண்டு போத்தல். ஒவ்வொண்டும் உனக்கு எழுதின கடிதம். கோர்டனுக்கு இல்லை, ஆய்வுகூடத்துக்கு இல்லை, உனக்கு. நீ பாப்பாய் எண்டு. நீ பாக்காமலே கழிச்சுப்போட்டு இருந்தனி."

"ஆமா அண்ணாச்சி."

"அண்ணாச்சி எண்டு சொல்லாதை." மேஜைமேல் இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்துத் தொட்டியில் வீசினார். அது உருண்டு சுற்றி அடங்கியது. "என்ரை பிள்ளை குடிச்சது. நான்தான் ஊத்திக் குடுத்தனான். அடியிலை என்ன இருக்கெண்டு இந்தக் கையாலை அள்ளிப் பாத்துப்போட்டு, வீட்டை போய் அதே தண்ணியை நானே ஊத்திக் குடுத்தனான். எனக்கு ஏன் கோவம் வரேல்லை? சொல்லு. ஒன்பது வருசம் எனக்கு ஏன் கோவம் வரேல்லை?"

காரணம் அவருக்குத் தெரியும், நான் முன்பே சொல்லியிருந்தேன். தவமணி வந்து அவர் தோளைத் தொட்டார். அவர் கையைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"முப்பத்தொண்டுக்கு எத்தினை நாள் கிடக்கு?"

"இருபத்தஞ்சு."

"கையெழுத்துப் பிறகு. முதல்லை தண்ணி," என்றார். "ஹாக்கித் திடலுக்கு ஐஸ் போடுற பவுசர் ஒண்டு ஊரிலை நிக்குது. திறப்பு என்னட்டை இருக்கு."

பவுசர் என்று அவர் சொன்னது டேங்கர் லாரியை, திறப்பு என்றது சாவியை. தொட்டியை மூன்று தடவை கொதிநீரால் கழுவினோம். நகரத்தில் தண்ணீர் பிடித்து, இரண்டு மணி நேரம் ஓட்டி, ஆட்டர்பெண்டில் வீடு வீடாகக் கேன்களில் நிரப்பினோம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குடிக்கவும் சமைக்கவும் இதுதான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் விஷத்தைக் கொண்டுவந்திருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தபோது லாரியை நிறுத்திவிட்டுக் கத்தலாம் போலிருந்தது. குகதாசன் என்னோடு வேலை தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர் ஓட்டினார், நான் குழாயைப் பிடித்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு வீட்டில் தண்ணீர் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். அன்று மாலையே இன்னொரு வீட்டில் கேனின் மூடி சரியில்லை என்று திட்டினார்கள். மூன்றாம் வாரம் தபால் ஆபீஸ் வாசலில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மார்ச் மாதம், ஆகஸ்ட் இல்லை. குகதாசன் லாரியை ஓரம் கட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே கூடம். முந்நூறு பேருக்கு மேல். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ஒருவர் முன்னாலும் டம்ளர் இல்லை. படங்களைத் தயாராக வைத்திருந்தேன். போடவிடவில்லை. ஒக்சானா எழுந்து நேராக என்னிடம் வந்தாள். கையில் நடுக்கம் இல்லை.

"என் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். ஒன்பது வருஷமாக நல்ல பிள்ளைகள், நல்ல பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்," என்றாள். "போன மாதம் கம்ப்யூட்டரில் பிழை என்றாய். கம்ப்யூட்டர் தானாகக் கழிக்காது. அதை எழுதியது யார்?"

குகதாசன் என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கவுமில்லை, காப்பாற்றவுமில்லை.

நான் கையைத் தூக்கினேன்.

கூடத்தில் எழுந்த சத்தத்தை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நாற்காலி உடைந்தது. கோல்கீப்பர் ஆரணி தன் வயதுக்கு மீறிய ஒரு வார்த்தை சொன்னாள், தவமணி அவளைத் தடுக்கவில்லை. பிறகு குகதாசன் முன்னால் வந்து, ஒன்பது வருஷம் தான் செய்ததைத் தானே சொன்னார். அவருக்கும் கிடைத்தது. அதெல்லாம் அடங்க ஒரு மணி நேரம் ஆனது. புகார்ப் படிவங்களை மேஜையில் அடுக்கினேன். சட்டத்துக்கு ஐம்பது வேண்டும். முந்நூற்றுப் பதினொன்று எழுதினார்கள்.

படிவத்தில் 'யார் மீது புகார்' என்று ஓர் இடம் உண்டு. ஆலையின் பெயரை எழுதுங்கள், வாரியத்தின் பெயரை எழுதுங்கள் என்று மேஜைக்குப் பின்னால் நின்று சொன்னேன். எழுதினார்கள். ஆனால் முதல் வரியில் பெரும்பாலோர் வேறு பெயர் எழுத விரும்பினார்கள். அது அவர்களுக்கு எழுத வரவில்லை. நீண்ட பெயர், பழக்கமில்லாத பெயர். என்னிடமே கேட்டார்கள்.

முதலில் கேட்டவள் ஒக்சானா. பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, சரியா என்று காட்டினாள். சரி என்றேன். அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை இருந்தது.